சுவரைப் பார்க்கும் பக்கம்

நாம் நாள்தோறும் வழங்கும் 'யன்னல்' என்னும் சொல் தமிழன்று. போர்த்துக்கேயர் இத்தீவுக்கு வந்த காலத்தில் அவர்தம் மொழியிலிருந்து நமக்குக் கிடைத்தது. பழந்தமிழர் அதனைக் 'காலதர்' என்றனர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழி என்பது பொருள். வகுப்பிலே இச்சொல்லை விளக்கும்போதெல்லாம் மாணவர் முகத்தில் ஒரு மலர்ச்சி தோன்றக் கண்டிருக்கிறேன். ஆயினும், வெள்ளவத்தையிலே கடலுக்கு அண்மையில் வீடு வைத்திருப்போர் அச்சொல்லுக்கு இன்னொரு பொருளையுஞ் சேர்த்துக்கொள்ளலாம். யன்னல் என்பது மழை வரும் வழியுமாகும்.

கொழும்பிலே ஓராண்டிற் பெய்யும் மழை ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர். மே மாதந் தொடங்கி வீசும் தென்மேற்குப் பருவக் காற்று, அம்மழையின் ஒரு பங்கை உப்போடு கலந்து நம் யன்னல்களின் மேல் எறிகின்றது. யன்னலின் நடுவிலே கண்ணாடி உண்டு. அதைச் சுற்றிக் கதவுச் சட்டம் உண்டு. அதைத் தாங்கும் நிலை உண்டு. இவையெல்லாம் நமக்குத் தெரிந்தவையே. ஆனால், நிலையாகிய மரமும் சுவராகிய கல்லும் சந்திக்கும் இடத்திலே ஓர் இடைவெளி உண்டென்பதை நாம் நினைப்பதில்லை. மரம் மழையில் விரியும், வெயிலிற் சுருங்கும். சுவர் அவ்வாறு அசையாது. அசைவதும் அசையாததும் ஒட்டி வாழும் இடத்திலே வெடிப்பு உண்டாவது இயல்பு. அவ்வெடிப்பை மூடுவதற்காக நிலையைச் சுற்றி அடிக்கப்படும் பலகையே ஓரச்சட்டம். கடைக்காரரும் தச்சரும் அதனைப் 'பீடிங்' என்றே கூறுவர்.

இவ்வாரம் அந்த ஓரச்சட்டத்தைப் பற்றி எழுதத் துணிந்தேன். 'இதிலே எழுதுவதற்கு என்ன இருக்கிறது?' என்று கேட்கும் வாசகருக்கு ஒரு விடை: சென்ற ஆண்டு வரை நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

எங்கள் வீடு காலி வீதிக்கும் கடற்கரைக்கும் இடையே ஓர் ஒழுங்கையில் உள்ளது. பாட்டனார் 1950களிற் கட்டியது. அதற்கு நான்கு பெரிய யன்னல்கள். பின்புறத்து யன்னல்கள் இரண்டும் வீடு கட்டிய நாளிலிருந்தே இருப்பவை. இன்றும் உளி இறங்காத உறுதியோடு நிற்பவை. கடலை நோக்கிய முன் அறையின் யன்னல்கள் இரண்டும் 1984ஆம் ஆண்டில் மாற்றப்பட்டவை. 1983ஆம் ஆண்டு யூலை மாதத்திலே கொழும்பிற் பல தமிழர் வீடுகளுக்கு நேர்ந்தது எங்கள் வீட்டிற்கும் நேர்ந்தது. முன் அறை எரிந்தது. நான் அப்பொழுது மூன்று வயதுக் குழந்தை. மறு ஆண்டு என் தந்தையார் திரும்பி வந்து, கிடைத்த மரத்தைக் கொண்டு, கிடைத்த தச்சரை வைத்து, அவ்விரு யன்னல்களையும் போட்டார். மரத்தின் சாதியும் பதமும் பார்த்து வாங்கும் நிலையில் அவர் அன்று இருந்திருக்க மாட்டார். கூரையும் கதவும் வேண்டும். குடும்பம் உள்ளே வர வேண்டும். அதுவே அன்றைய தேவை. அந்த யன்னல்கள் நாற்பது ஆண்டு தாங்கின. அதற்குமேல் அவற்றிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று.

ஈராண்டுகளுக்கு முன் அவற்றின் அடிக்கட்டைகள் உக்கத் தொடங்கின. யன்னலின் கீழே சுவரில் ஈரக்கறை படர்ந்தது. சிலர் அலுமினியம் போடுமாறு கூறினர். அதற்கும் நன்மைகள் உண்டு; கறையான் அரியாது. எனினும், பின்புறத்து மர யன்னல்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒவ்வவில்லை. ஆதலின், சென்ற ஆண்டு கார்த்திகை மழைக்காலத்திலே முதலாவது யன்னலின் நிலையை மாற்றினேன். நிலை நன்றாக அமைந்தது. ஓரச்சட்டத்தில்தான் அவசரப்பட்டேன். பெயர் சொல்ல வேண்டாத ஒரு கடையிலே, பளபளவென்று மெருகிட்ட பலகைகளைக் கண்டேன். "முதல் தரத் தேக்கு" என்றனர். நிறம் தேக்குப் போலவே இருந்தது. நாற்புறமும் அளந்து, பதினெட்டு அடி வாங்கி வந்தேன்.

அந்தப் பதினெட்டு அடியிலேயே முதலாவது பிழை. அதனைப் பின்னர் கூறுகிறேன். மாசி மாத வெயில் வந்தது. சட்டங்களின் நான்கு மூலைகளும் உட்புறமாக வாய் திறந்தன. ஒரு சட்டம் சுவரை விட்டு வில்போல் வளைந்து நின்றது. மற்றொன்றின் ஓரத்திலிருந்து வெண்மையான மா உதிர்ந்தது. என் மகள் அதை விரலால் தொட்டுப் பார்த்து, "அப்பா, யன்னல் பவுடர் பூசிக்கொள்கிறதா?" என்று கேட்டாள்.

கொட்டாஞ்சேனையிலே சிறு பட்டறை வைத்திருக்கும் முதிய ஆசாரியார் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் யன்னலின் முன்னே நின்று நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு உளியை மெல்லச் செலுத்தி ஒரு சட்டத்தைக் கழற்றித் திருப்பினார். சுவரைப் பார்த்திருந்த பக்கம் பூச்சின்றிப் பச்சையாக இருந்தது. அகலத்தின் மூன்றில் ஒரு பங்கு வெளிறிய மரம். அதிலே வண்டு துளைத்த சிறு துவாரங்கள். எஞ்சிய இடத்திற் கரும் பூஞ்சணம்.

"மாஸ்டர், நீங்கள் முகத்தைப் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள். முதுகைப் பார்க்கவில்லை" என்றார்.

வீட்டுக்கு மரம் வாங்குவோர் அறிய வேண்டியவற்றுட் பெரும்பகுதி அவ்வொரு வாக்கியத்தில் அடங்கும். அதை விரித்துரைப்பதே என் வேலை.

முதலாவது, வைரமும் வெளிறும். பல மரங்களை வெட்டினால் நடுவே நிறம் ஆழ்ந்த வைரமும், அதைச் சுற்றி வெளிறிய புறப்பகுதியும் தோன்றும். மரம் உயிரோடு இருக்கையில் நீரைக் கொண்டு செல்வது புறப்பகுதியே. அதிலே மாச்சத்துத் தங்கியிருப்பதால் வண்டுக்கும் கறையானுக்கும் அது விருந்தாகின்றது. தேக்கின் வைரம் தலைமுறைகளைக் காணும். தேக்கின் வெளிறு சில ஆண்டுகளில் அழியும். ஆகவே, "தேக்கா?" என்று கேட்பது அரைக் கேள்வியேயாகும். "வைரமா?" என்று கேட்டுப் பலகையின் நான்கு பக்கங்களையும் திருப்பிப் பார்த்தல் வேண்டும். சாயம் பூசி மெருகிட்ட பலகையில் இந்த வேறுபாடு மறைந்துவிடும். எனவே, ஓரச்சட்டத்தை மெருகிடாத நிலையிலே வாங்குவது நன்று.

இரண்டாவது, ஈரம். பச்சை மரத்திலே அதன் உலர்ந்த எடையிற் பாதிக்கு மேலும் நீர் இருத்தல் கூடும். அந்நீர் நூற்றுக்கு 30 அளவிற்குக் குறையும் வரை மரம் சுருங்குவதில்லை. அதற்குக் கீழே இறங்கும்போதுதான் சுருக்கம் தொடங்குகின்றது. நம் நாட்டு வீட்டுக்குள் வைக்கும் சட்டத்துக்கு நூற்றுக்கு 12 முதல் 15 வரை ஈரம் இருந்தாற் போதுமானது. நான் வாங்கியதில் எவ்வளவு இருந்தது என்பதை ஒருவரும் அளக்கவில்லை; அளந்திருக்கலாம். அதற்குரிய முறை பாடசாலை ஆய்வுகூடத்திலே செய்யத்தக்கது. மாணவர் இதனைக் குறித்துக்கொள்க.

பலகையின் முனையிலிருந்து ஓரடி உள்ளே தள்ளி ஒரு சிறு துண்டை வெட்டி எடுங்கள். முனை விரைவில் உலர்ந்துவிடுவதால் அது உண்மை கூறாது. துண்டை உடனே நிறுங்கள். 60 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பின் 103 பாகை வெப்பத்திலே, எடை மேலும் குறையாத வரை உலர்த்துங்கள். இப்பொழுது 48 கிராம். போன நீர் 12 கிராம். இதனை 60ஆல் வகுத்து, 'நூற்றுக்கு 20' என்று விடை எழுதுவோர் பலர். அது தவறு. மரத்தின் ஈரம் உலர்ந்த எடையைக் கொண்டே கணிக்கப்படும். பன்னிரண்டை 48ஆல் வகுக்க நூற்றுக்கு 25 வரும். அத்தகைய பலகை சட்டத்துக்கு ஆகாது. ஆய்வுகூடம் இல்லாதோர் பலகையைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கலாம், ஈரமரம் குளிரும். ஒரே மரத்தின் ஒரே அளவான இரு பலகைகளைக் கையில் ஏந்திப் பார்த்தாற் கனத்தது ஈரமானது என்பதும் பெரும்பாலும் சரியாக இருக்கும். மின்னால் இயங்கும் சிறு ஈரமானிகளும் இப்பொழுது கடைகளிற் கிடைக்கின்றன.

மூன்றாவது, வளையம். பலகையின் வெட்டு முனையைப் பாருங்கள். வயது வளையங்கள் கோடுகளாகத் தெரியும். அக்கோடுகள் பலகையின் அகலத்துக்குச் செங்குத்தாக நின்றால் அப்பலகை குறைவாகச் சுருங்கும், பெரும்பாலும் வளையாது. கோடுகள் அகலத்தோடு படுத்துப் பிறைபோல் வளைந்திருந்தால், ஏறக்குறைய இரு மடங்கு சுருங்கும். கிண்ணம்போலக் குழியவும் கூடும். நீளப்போக்கிலே மரம் சுருங்குவது மிகச் சிறிது. என் மூலைகள் வாய் திறந்ததன் காரணம் இதிலே விளங்கும். மூன்று அங்குல அகலச் சட்டம் ஒன்றரை மில்லிமீற்றர் அளவு அகலத்திற் குறைந்தது, நீளத்திலே குறையவில்லை. 45 பாகையிற் சாய்த்து வெட்டிய மூட்டின் கோணம் அதனால் மாறிவிட்டது. உட்புறம் திறந்தது. தச்சரின் கை பிழைக்கவில்லை, மரம் காயவில்லை.

இனி, எந்த மரம் என்ற கேள்வி. அக்காலத்து வீடுகளிலே முதிரை, பாலை, ஹல்மில்ல, பலா, தேக்கு முதலியன தாராளமாக வழங்கின. முதிரை வன்னியிலும் கிழக்கிலும் உள்ள உலர் காடுகளின் செல்வம். பொன்னிறமும் பட்டின் மினுக்கமும் உடையது. ஆங்கிலேயர் இதனைக் கப்பலேற்றித் தம் நாட்டிலே அழகிய தளபாடங்கள் செய்தனர். பாலை நீரில் மூழ்குமளவு கனமானது; உத்தரத்துக்கும் தூணுக்கும் ஏற்றது; மெல்லிய சட்டமாகச் சீவினால் வெடிக்கும். ஹல்மில்லவைத் திருக்கோணமலை மரம் என ஆங்கிலேயர் வழங்கினர். பலாவின் வைரம் வெட்டிய நாளில் மஞ்சள், காலப்போக்கிற் கபிலம். பௌத்த துறவிகளின் ஆடைக்குச் சாயம் தந்ததும் இவ்வைரமே. கறையான் எளிதில் இதனை நெருங்காது.

இவற்றை இன்று நினைத்தவாறு வாங்க இயலாது. வாங்க விரும்புவதும் முறையன்று. 1990ஆம் ஆண்டிலே இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது நம் நாட்டில் நிறுத்தப்பட்டது. பலா மரத்தை வெட்டுவதற்கு 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி அனுமதி பெறல் வேண்டும். உண்ணும் கனி தரும் மரத்தைக் காக்க எழுந்த அச்சட்டம் போற்றத்தக்கது. ஆகவே, இன்று கிடைப்பவை பெரும்பாலும் நட்டு வளர்த்த தேக்கு, மகோகனி, வீட்டுத் தோட்டத்து மரங்கள், மலேசியா முதலிய நாடுகளிலிருந்து வரும் கெம்பாஸ் போன்றவை, பால் வற்றிய றப்பர் மரம் ஆகியனவே. தேக்கு இத்தீவுக்கு உரியதன்று. ஒல்லாந்தர் காலத்தில் வந்தது. மகோகனி நடு அமெரிக்காவிலிருந்து வந்தது. வந்தவை இன்று நம் வீட்டைக் காக்கின்றன.

இவற்றை எங்கே பயன்படுத்துவது? மழை நேரே படும் வெளிப்புறச் சட்டத்துக்குத் தேக்கு வைரம் அல்லது பலா வைரம். உட்புறச் சட்டத்துக்கு மகோகனி போதும். இழைக்க எளிது, வளைவும் குறைவு. றப்பர் மரம் இயல்பாகவே வண்டுக்கு இரையாவது. போரன் உப்புக் கரைசலாற் பதனிட்டதாயின் உட்புறத்துக்கு உதவும். வெளியே ஒருபோதும் ஆகாது. மரத்தூளை அழுத்திச் செய்த செயற்கைப் பலகையை யன்னலுக்கு அருகே வைக்காதிருப்பதே நலம். ஒரு மழையிலே ஊறிப் பருத்துவிடும். அரச மரக் கூட்டுத்தாபனம் 1968ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. அதன் விற்பனை நிலையங்களிலே மரத்தின் வகுப்பும் விலையும் விசாரித்து ஓர் அளவுகோலை மனத்திற் கொண்டு, பின்பு தனியார் மரக்காலைக்கோ மொறட்டுவைக்கோ செல்வது புத்திசாலித்தனம். எங்கே வாங்கினும் மரத்தின் பெயரும் அளவும் எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுக.

இப்பொழுது அந்தப் பதினெட்டு அடிக் கணக்கு. யன்னல் நான்கடி அகலம், ஐந்தடி உயரம். நாற்புறமும் கூட்டப் பதினெட்டு அடி. இது கணித ஆசிரியர் வியக்கத்தக்க விடையாயினும் தச்சருக்கு உதவாத விடை. சட்டம் மூன்று அங்குல அகலமுடையது. அது நிலையின் வெளியோரத்தைச் சுற்றி வருவதால் மேற்சட்டமும் கீழ்ச்சட்டமும் தலா நாலரை அடி ஆகின்றன. மூலையைச் சாய்த்து வெட்டினால் பக்கச் சட்டங்களும் தலா ஐந்தரை அடி; மொத்தம் இருபது அடி. சாய்க்காது, பக்கச் சட்டங்களின் மேலே தலைச் சட்டத்தை நேராக இருத்தினால் பத்தொன்பது அடி. சேதாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்து இருபத்திரண்டு அடி வாங்குவது பொருந்தும். நான் வாங்கிய பதினெட்டு அடி போதாமற் போனமையால், கீழ்ச்சட்டத்துக்கு வேறு மரத்துண்டு ஒட்டப்பட்டது; மா உதிர்ந்தது அத்துண்டிலிருந்துதான்.

விலை சில இடங்களிலே நீள அடிக்கும், சில இடங்களிலே கன அடிக்கும் கூறப்படும். ஒரு கன அடி 1,728 கன அங்குலம். மூன்று அங்குல அகலமும் ஓர் அங்குலக் கனமும் உள்ள பலகை இருபத்திரண்டு அடி எனின், 792 கன அங்குலம். அதாவது அரைக் கன அடிக்குச் சற்றுக் குறைவு. கன அடி விலையைப் பாதியாக்கினால் இரு கடைகளின் விலையையும் ஒப்பிடலாம். இன்னும் ஒன்று: ஓர் அங்குலப் பலகையை இழைத்தால் முக்கால் அங்குலமாகும். சொல்லப்படும் அளவு இழைப்பதற்கு முன்னதா, பின்னதா என்று கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

சட்டத்தை அடிக்கும் முறையையும் ஆசாரியார் எனக்கு விளக்கினார். கடற்காற்று உள்ள இடத்தில் இரும்பாணி துருவேறி மரத்திற் கறை படியச் செய்யும். பித்தளைத் திருகாணியோ துருப்பிடியாத உருக்குத் திருகாணியோ வேண்டும். வைரமான மரத்துக்கு முதலில் துளையிடல் வேண்டும், இன்றேற் பிளக்கும். எல்லாவற்றிலும் முக்கியமானது, சட்டத்தைச் சுவரில் இருத்துமுன் அதன் பின்பக்கத்துக்கும் முனைகளுக்கும் அடிப்பூச்சு இருமுறை பூசுதல். கண்ணுக்குத் தெரியும் பக்கத்தை மட்டும் பூசினால், சுவரிலுள்ள ஈரம் பின்னே ஏறும். முன்பக்கம் உலர்ந்தும் பின்பக்கம் ஊறியும் நிற்கும் பலகை வளையாமல் என்ன செய்யும்? மரத்தின் முனை நுண்குழாய்களின் வாய். அது நீரைக் குடிப்பதில் முதுகினும் வல்லது. மூலையைச் சாய்த்து வெட்டும் அழகை விட்டு, தலைச் சட்டத்தை நேராக இருத்தும் பழைய முறையையே அவர் விரும்பினார். "மரம் சுருங்கினாலும் அதிலே வெளிச்சம் தெரியாது" என்றார்.

முதலாவது யன்னலைத் திருத்தியாயிற்று. இரண்டாவது யன்னலுக்கு மரம் தேட வேண்டும். அப்பொழுதுதான் என் தாயார், "தம்பி, பின் கொட்டிலின் பரணிலே அப்பா வைத்த பலகைகள் இருக்கின்றன, ஆசாரியாருக்குக் காட்டு" என்றார்.

ஏறிப் பார்த்தேன். பழைய சாக்கிற் சுற்றி, ஐந்து பலகைகள். 1984இலே முன் அறையைத் திருத்தியபோது கழற்றிய பழைய ஓரச்சட்டங்களில் எஞ்சியவை அவை. தந்தையார் அவற்றை எறியவுமில்லை, பயன்படுத்தவுமில்லை. அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவற்றைப் பற்றி என்னிடம் ஒருமுறையேனும் கூறியதில்லை. ஒவ்வொன்றின் ஒரு பக்கம் முழுவதும் கருகியிருந்தது.

ஆசாரியார் ஒரு பலகையை வெளிச்சத்திற்குக் கொண்டுவந்து, கருகாத பக்கத்திலே சீவுளியை ஒருமுறை இழுத்தார். பொன்னிறமான சுருள் எழுந்தது. "முதிரை. நாற்பது வருடம் காய்ந்தது. காசு கொடுத்தாலும் இப்படிக் கிடையாது" என்றார். கருகிய பக்கத்தை உளியாற் சுரண்டினார். கால் அங்குலத்தின் கீழே மரம் உறுதியாக இருந்தது. கனமான மரம் மேலே கருகியபின் அக்கரியே உட்பகுதியைச் சிறிது காக்கும் என்று அவர் சொன்னதை, எங்கள் கல்லூரியின் விஞ்ஞான ஆசிரியரும் பின்னர் உறுதி செய்தார்.

என் மகள் அருகே நின்றாள். அவளுக்கு வயது பதினொன்று. "அப்பாச்சி, இது ஏன் கறுப்பு?" என்று கேட்டாள். நான் வாய் திறக்கவில்லை. நாற்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டிலே அக்கேள்விக்கு விடை கூறப்பட்டதில்லை. கேட்பாரும் இருந்ததில்லை. என் தாயார் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, அவளை அருகே இருத்தி, நடந்ததைக் கூறினார். நீளமாகக் கூறவில்லை. அடுத்த வீட்டுச் சிங்கள அம்மா எங்களைத் தம் சமையலறையிலே இரண்டு இரவுகள் வைத்திருந்ததையும் விட்டுவிடாமற் கூறினார். அதுவும் நான் முதன்முறையாகக் கேட்டதே.

"கரியை முழுவதும் சீவி எடுத்தால் பலகை மெலிந்துவிடும், அம்மா. என்ன செய்வது?" என்று ஆசாரியார் கேட்டார்.

தாயார் சிறிது நேரம் யோசித்தார். "நல்ல பக்கம் வீட்டைப் பார்க்கட்டும். மற்றது சுவரைப் பார்க்கட்டும்" என்றார். பின்பு, "பூசாமல் விடாதீர்கள், அதற்கும் இரண்டு முறை பூசுங்கள்" என்று சேர்த்துக்கொண்டார்.

அவ்வாறே செய்யப்பட்டது. தளர்ந்த கரியைச் சுரண்டி, உறுதியான இடம் வரை தேய்த்து, அடிப்பூச்சு இருமுறை பூசி, நான்கு பலகைகளைப் பித்தளைத் திருகாணியாற் பொருத்தினார். எஞ்சிய ஐந்தாவது பலகை மீண்டும் பரணில் இருக்கின்றது. இவ்வாண்டு தென்மேற்கு மழை அந்த யன்னலில் அடித்தது. மூலைகள் திறக்கவில்லை, சுவரில் ஈரமில்லை.

வாசகருட் பலர் பழைய வீடுகளிலே வாழ்பவர்கள். சிலர் வீட்டை இடித்து மாடி கட்ட எண்ணியிருப்பவர்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய யன்னலைக் கழற்றும் நாளிலே, அதனை விறகென்று கருதி அள்ளிக் கொடுத்துவிடாதீர்கள். ஓர் ஓரத்தைச் சீவிப் பாருங்கள். இன்று எந்தக் காட்டிலிருந்தும் வெட்டிவர முடியாத மரம் உங்கள் கையில் இருக்கலாம். புதிதாக வாங்குவோர் வெயிற்காலத்திலே வாங்குங்கள். வாங்கியதை அடிப்பதற்கு முன் ஒரு மாதமேனும் வீட்டுக்குள்ளே, காற்றுப் போகும்படி இடைக்குச்சி வைத்து அடுக்குங்கள். பதறாத காரியம் சிதறாது என்பது மூத்தோர் வாக்கு. மரத்துக்கு அது மிகவும் பொருந்தும்.

கடையிலே பலகையைக் கையில் எடுத்ததும் முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள். கடைக்காரர் முகஞ் சுளித்தால் வேறு கடைக்குச் செல்லுங்கள்.